ஹமீது சுல்தானின் குடும்பம்

"சீ" என்றால் ஸ்பானிஷில் ஆமாம் என்று அர்த்தம். இதை மாமியாருக்கு விளங்கவைப்பதற்குள் சபியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே மருமகள் போனைப் பார்த்துச் "சீ... சீ..." என்றால் எந்த மாமியாருக்குத்தான் பொறுக்கும்?

"ஆரைப் பாத்து சீங்குறா இவ? எம் மவன் அங்கன உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கான், இவ இங்கன சீங்குறா."

"உம்மா, அது அந்த ஊருப் பாஷை. ஆமான்னு அர்த்தம்" என்றாள் மாஷிதா. ரிஃபாயின் தங்கை, ராமநாதபுரத்தில் காலேஜ் முடித்துவிட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருப்பவள்.

"ஆமான்னு சொல்ல அல்லா நமக்கு ஒரு நல்ல வார்த்தை குடுக்கலையாக்கும்?"

மண்டபத்துக்குப் பக்கம் வேதாளையில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அந்த வீட்டில் சிரிப்பு நின்று போயிருந்தது. சபியாவின் கணவன் ரிஃபாய் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். பெரு நாட்டுத் துறைமுகம் ஒன்றில் சரக்கு இறக்கும்போது ஏணியிலிருந்து கப்பலின் அடித்தட்டில் தலைகுப்புற விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கப்பல் அவனை இறக்கிவைத்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது. ஒரு ஆளுக்காகக் காத்திருக்கும் வழக்கம் எந்தக் கப்பலுக்கும் கிடையாது.

மும்பையிலிருந்த கம்பெனி ஆபீஸ் பெண் இங்கிலீஷில் சொன்னதை மாஷிதா கேட்டுச் சொன்னாள். அவனுக்கு நினைவு வருகிறது, போகிறது. பேச்சு சரியாக வரவில்லை. வீட்டு ஆளின் குரல் காதில் விழுந்தால் நல்லது என்று டாக்டர் நினைக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டு நம்பருக்கே பேசுவார்கள். ஆனால் அங்கே ஸ்பானிஷ்தான், இங்கிலீஷ் தெரிந்தவர் யாரும் இல்லை. போனை அணைத்துவிடாதீர்கள்.

அந்தக் குரல் விஷயம் சபியாவைப் பிடித்துக்கொண்டது. ஆபரேஷனும் ஊசியும் டாக்டர் பாடு; அவளால் ஆவதொன்றும் இல்லை. ஆனால் போன் வரும்போது கூப்பிடுகிறவர் கேட்பது விளங்கி, தான் இன்னார் என்று சொல்லி, போனை அவன் காதில் வைக்கச் சொல்வது அவளால் ஆகிற காரியம். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. "மச்சான், நான்தான்" என்று இரண்டு வார்த்தை அவன் காதில் போய் விழ வேண்டும்.

அவளாகவே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்க்காமல் இல்லை. அங்கே ஒரு இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டே போகும். எதை அழுத்தினாலும் பாட்டுப் போட்டுவிட்டுக் கடைசியில் அணைந்துபோகும். நேரில் போய்ப் பார்க்க வேதாளையிலிருந்து பெருவுக்கு என்ன மீன் லாரியா ஓடுகிறது? சவூதியில், தம்மாமில் இருந்த அவளுடைய அண்ணன் விசாவுக்கு அலைந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

ஆகவே சபியா ஸ்பானிஷ் படித்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். போனில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வாத்தியாரம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுப்பாள். எச் என்ற எழுத்தை அவர்கள் விழுங்கிவிடுவார்கள் என்பது முதல் பாடம். மேசைக்கு அவர்களும் மேசா என்றுதான் சொல்கிறார்கள், செருப்புக்குச் சப்பாத்தோ. இவ்வளவுதானா என்று தைரியம் வந்தது. பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

ஆம்ப்ரே என்றால் பசி, ஓம்ப்ரே என்றால் ஆம்பிளை. ஆம்ப்ரேதானே ஆம்பிளை மாதிரி இருக்கிறது? இவள் அப்படியே மனசில் பதித்துக்கொண்டாள். "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லச் சொன்னால், "எனக்கு ஆம்பிளை இருக்கிறான்" என்பாள். மீனுக்குப் பெஸ்காதோ, பாவத்துக்குப் பெகாதோ. நாலு பாவத்தைப் பொரித்து வைத்திருக்கிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். களைத்தவனுக்குக் கான்சாதோ, கல்யாணமானவனுக்குக் காசாதோ.

"அது ரெண்டும் ஒண்ணுதான் மதினி, தப்பில்லை" என்று மாஷிதா சொல்ல, இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடத்திலிருந்து மாமியார் இருமினாள். சிரித்த வாயை மூடிக்கொண்டு சபியா அழுதாள். கட்டின புருஷன் அங்கே தலையில் கட்டுப் போட்டுக் கிடக்க, பாவி மனசு எப்படிச் சிரிக்கிறது பார் என்று தன்னையே வைதுகொண்டாள்.

ஒரு வார்த்தை மட்டும் முதல் தடவையே ஒட்டிக்கொண்டது. ஓஹலா. அப்படி நடந்தால் நல்லது, அப்படி ஆகட்டும் என்கிறபோது சொல்வது. அரபியிலிருந்து போன வார்த்தை, உள்ளே அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது என்று வாத்தியாரம்மா சொன்னாள். அன்றைக்குத்தான் மாமியாருக்கும் அந்தப் பாஷை மேல் கொஞ்சம் பிரியம் வந்தது. "அப்ப அவங்க நம்மளுக்குத் தூரம் இல்லை" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு துஆவின் முடிவிலும் ஆமீனுக்குப் பிறகு ஒரு ஓஹலாவும் போட்டாள்.

இன்னொரு பாடம்தான் சபியாவைத் திணற அடித்தது. "மி எஸ்போசோ சே யாமா கார்லோஸ்." என் கணவர் பெயர் கார்லோஸ். இதை அவள் கணீரென்று சொல்வாள். கார்லோஸ் எவனோ ஒருவன், அவன் பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? கார்லோஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரிஃபாய் என்று வைக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவளுக்கு அவன் மச்சான். வெளியாரிடம், அவுக. ரேஷன் கடையில் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். புருஷன் பெயரைப் பொண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது மாமியார் கட்சி. மாமியாரும் தன் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. அவர் ஹமீது சுல்தான், தோணி ஓட்டியவர், மௌத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்புறமும் அவளுக்கு அவர் அவுகதான்.

"போன்ல கேப்பாங்க மதினி. சொல்லித்தானே ஆவணும்?" என்றாள் மாஷிதா.

"சொல்லுவேன்டி. அந்தப் பாஷையில சொன்னா என்னமோ அவ்வளவு உறுத்தலை." கொல்லையில் துணி துவைக்கும்போது, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, மி எஸ்போசோ சே யாமா ரிஃபாய் என்று முணுமுணுத்துப் பழகினாள். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திக்கொள்வாள். பிறகு பொத்தாமல் சொல்லவும் பழகினாள்.

போன் ஒருநாள் சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில் வந்தது. மாமியார் கூடத்தில் தொழுகைப் பாயில் இருந்தாள். மாஷிதா கடைக்குப் போயிருந்தாள். திரையில் நீளமாக ஒரு வெளிநாட்டு நம்பர். சபியா பிஸ்மில்லா சொல்லி எடுத்தாள்.

ஒரு பெண் குரல். நிதானமான குரல். வெளிநாடு என்று தெரிந்து மெதுவாகவே பேசினாள். "அமீத் சுல்தான்" அவர்களின் குடும்பமா என்று கேட்டாள்.

எச்சை விழுங்குவார்கள் என்று படித்திருந்ததால் ஹமீது சுல்தான் என்பது சபியாவுக்கு உடனே பிடிபட்டது. மாமாவைக் கேட்கிறார்கள். அதிலே அவளுக்கு ஆச்சரியமும் இல்லை. நம் ஊரில் எந்த ஆபீஸ் படி ஏறினாலும் முதல் கேள்வி தகப்பன் பெயர். அடுத்த கேள்வி, இருக்காரா, தவறிட்டாரா? வாரிசுச் சான்றிதழோ ஆதார் கார்டோ, அப்பனைக் கேட்காமல் மகனைக் கேட்ட ஆபீசர் உண்டா? பெருவிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"சீ. ஃபமிலியா. இந்தியா" என்றாள்.

"நீங்கள் அவருடைய மனைவியா?"

அஸ்தஃபிருல்லா! மாமனாருக்குப் பொண்டாட்டியா என்றால் யாருக்குத்தான் பதறாது? "நோ, நோ! எஸ்போசா நோ!" என்று கிட்டத்தட்டக் கத்தினாள். பிறகு நிதானித்து, பாடத்தில் படித்த வாக்கியத்தைத் துளியும் பிசகாமல் சொன்னாள்: "அமீத் சுல்தான் எஸ்தா முயெர்த்தோ." ஹமீது சுல்தான் இறந்துவிட்டார்.

அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "இறந்துவிட்டாரா? நிச்சயமாகவா?"

"சீ. முயெர்த்தோ. முச்சோஸ் ஆன்யோஸ்." பல வருஷம் ஆகிறது.

இனி மகனைப் பற்றிக் கேட்பார்கள். இனிதான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சபியாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமியார் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துப் பாயிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தாள். இவள் எச்சிலை விழுங்கினாள். விழுங்கி நிமிர்வதற்குள் அந்தப் பெண், மிகவும் வருந்துகிறேன் அம்மா, தொந்தரவுக்கு மன்னியுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சபியா திருப்பிப் போட்டாள். இயந்திரக் குரல், ஒன்றை அழுத்து என்றது.

ஆனாலும் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. எவ்வளவு குழப்பினாள், எவ்வளவு உளறினாள்! காரியம் என்று வந்தபோது ஒரு வார்த்தை தவறவில்லை. கேட்டது அத்தனையும் விளங்கியது. சொன்னது அத்தனையும் அவர்களுக்கும் விளங்கியது.

"போன் வந்துச்சு மாமி! ஆஸ்பத்திரியிலேர்ந்துதான். மாமாவைப் பத்திக் கேட்டாக. மௌத்தாயி ரொம்ப வருசமாச்சுன்னேன். வருத்தமாயிருக்கு, தொந்தரவு பண்ணதுக்கு மன்னிச்சுக்கன்னுட்டு வச்சாக. மொதல்ல எல்லாம் சரி பாத்துக்கிட்டுப் பொறவுதான் மச்சான்ட்ட குடுப்பாக போல. நாளைக்கு வரும்."

மாமியாரின் கண் கலங்கிவிட்டது. "அவுகளை அந்தச் சீமையில விசாரிச்சாங்களா? எம்புட்டு மரியாதப்பட்ட சனம்!" என்றாள். அன்றைக்கு இரவு மௌத்தான புருஷனுக்காக உட்கார்ந்து யாசீன் ஓதினாள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சபியா குளிக்கப் போனாலும் போனைக் கதவுக்கு வெளியே மாஷிதா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மும்பை ஆபீசில் கேட்டால், தகவல் இல்லை, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனது.

பிறகு மும்பையிலிருந்து தகவல் வந்தது. ரிஃபாய் இறந்துவிட்டான். இறந்து நாலைந்து நாளாகிறது. குடும்பத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்துவிட்டதால் அங்கேயே பொதுக் கல்லறையில் அடக்கம் ஆகிவிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்டினார்களா, மக்கா இருக்கிற கிப்லா திசை பார்த்து வைத்தார்களா என்று மாஷிதா கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் மய்யித்து இல்லாமலே ஜனாஸா தொழுதார்கள். சபியாவை, புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உட்காரவைத்தார்கள். வெள்ளைச் சேலையும் ஒரு அறையும் நாலு சுவரும். உறவுப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். மாமியார் அழுததைவிடச் சபித்ததுதான் அதிகம்.

"தொடர்புகொள்ள முடியலையாம்ல! போனைக் கையில வச்சுக்கிட்டுத் தவம் கெடந்தோம் அல்லாவே! ஒருநாள் அவுகளை விசாரிச்சாங்களே, அந்த நம்பரு எங்க போச்சு? எம் புள்ளைக்காக ஒரு போனு, ஒரே ஒரு போனு போட்டிருக்கக் கூடாதா? அந்த ஆஸ்பத்திரி வெளங்குமா? அவளுக கை வெளங்குமா?"

சபியாவும் மனசுக்குள் ஆமீன் சொன்னாள். அந்த நிதானமான குரல்காரிதான் எமன் என்று நினைத்தாள். ஒருநாள் வருத்தம் சொல்லிவிட்டு மறுநாள் மறந்துபோன மகராசி.

இத்தா அறையில் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. போனைத் தொடவே பிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் மாஷிதாதான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் மாமியாரும் வந்தாள்.

"மதினி, அந்த ஊரு நம்பருலேர்ந்து வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. நீங்களே கேளுங்க."

அதே குரல். மெதுவாகத்தான் பேசியது, ஆனால் நடுநடுவே உடைந்தது. சபியா போனைக் காதோடு ஒட்டவைக்கவில்லை. மடியில் வைத்து மூன்று பேரும் கேட்கும்படி ஓடவிட்டாள். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். தான் தப்பாகக் கேட்கிறோம் என்று நம்ப அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பசியையும் ஆம்பிளையையும் குழப்பிய காதுதானே, மீனைப் பாவமாக்கிய வாய்தானே, இன்றைக்கும் ஒரு வார்த்தையாவது குழம்பக் கூடாதா? குழம்பவில்லை. பாழாய்ப்போன பாஷை அன்றைக்குப் பார்த்துத் தெள்ளத்தெளிவாக வந்தது.

என் பெயர் ரொசாரியோ, நர்ஸ் என்றது குரல். அமீத் சுல்தான் அவர்களின் போன் உடைந்திருந்தது. இப்போதுதான் சாமான்களைக் கட்டும்போது பழுது பார்த்துத் திறந்தோம். அதில் உங்கள் படம் இருக்கிறது. உங்கள் நம்பர் இருக்கிறது. நான் அன்றைக்குக் கூப்பிட்ட அதே நம்பர். நான் அமீத் சுல்தானின் மனைவியா என்று கேட்டேன், நீங்கள் இல்லை என்றீர்கள். அவர் இறந்து பல வருஷம் என்றீர்கள். அவரோ எனக்கு அடுத்த அறையில் உயிரோடு இருந்தார். வேறு யாரோ ஒரு குடும்பத்துக்குத் தவறிப் போட்டுவிட்டேன், துக்கத்தைக் கிளறிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நம்பரைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டோம். அன்றைக்கு நான் போன் பேசப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். திரும்பிப் போனபோது கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு என்றேன். அதற்குப் பிறகு நினைவு வரும்போதெல்லாம் கதவைப் பார்த்தார். ஓஹலா உங்கள் குரலை அவர் கேட்டிருந்தால்!

அந்த ஓஹலா மாமியாருக்கும் விளங்கியது. "நல்லதா ஏதும் சொல்லுதா அந்தப் புள்ளை?" என்று ஆவலாகக் கேட்டாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஏன்டி, நடுவுல நடுவுல அவுக பேரு வருது?"

மாஷிதா எழுந்து போனாள். பீரோவைத் திறந்து அண்ணனுடைய பாஸ்போர்ட் நகலை எடுத்து வந்தாள். பெயர் என்ற இடத்தில் ரிஃபாய். குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஹமீது சுல்தான். குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் யாருக்கு இருக்கிறது? அவனவன் தகப்பன் பெயரை இனிஷியலாக்கி முன்னால் வைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். ராமநாதபுரத்து டிராவல்ஸ்காரர் காலியாக விடக் கூடாது என்று அந்தக் கட்டத்தில் வாப்பா பெயரைப் போட்டார். எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார். கடல் தாண்டிப் போனதும் அந்தக் கட்டம்தான் ஆளாகிவிட்டது. கட்டிலில் கிடந்தவனுக்கு அவனுடைய சொந்தப் பெயர் வெறும் ஒரு எழுத்தாகிவிட்டது.

அன்றைக்கு அவள் ரிஃபாய் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அந்த நர்ஸ் கேஸ் சீட்டில் இருந்த அந்த ஒரு எழுத்தைப் பார்த்து ஆளைப் புரிந்துகொண்டிருப்பாள். ஆயுசு குறையும் என்று பயந்து மென்று விழுங்கிய பெயர்.

மாஷிதா நகலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, மதினியின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. மாமியாருக்கு மட்டும் இன்னும் புரியவில்லை.

"இப்ப பேசி என்ன புண்ணியம்? உசுரோட இருக்கையில ஒரு போனு போட்டிருந்தா எம் புள்ளை..."

"போட்டாக மாமி" என்றாள் சபியா.

"என்னது?"

"அன்னைக்கு வந்த போனு மாமாவைக் கேட்டு வரலை. மச்சானைத்தான் கேட்டாக. அங்கன மச்சானுக்கு மாமா பேருதான். பொண்டாட்டியான்னு கேட்டாக, இல்லைன்னேன். மௌத்தாயிட்டாருன்னு நான்தான் சொன்னேன், மாமி. உசுரோட இருந்தவுகளை நான்தான்..."

மாமியார் வாயைத் திறந்தாள். சபிக்கத்தான் திறந்தாளோ என்னவோ, யாரைச் சபிப்பது? யாசீன் ஓதிய அந்த இரவு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சபியா போனை எடுத்தாள். பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பிறகு, கொல்லையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியத்தை ஒரு எழுத்துப் பிசகாமல், வாயைப் பொத்தாமல் சொன்னாள்.

"மி எஸ்போசோ சே யாமா ரிஃபாய்."

மருமகள் வாயிலிருந்து மகன் பெயர் வந்ததை மாமியார் கேட்டாள். அவள் கண்டிக்கவில்லை.